இல்லாத சத்தம் காதில் கேட்கிறது: காது டாக்டரா, நரம்பு டாக்டரா, மனநல டாக்டரா, பழகிக்கொள்வதா?

நாள்பட்ட நரம்பு நோய் உள்ள வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. குளச்சல் பக்கம் ஒரு மகள் எழுதியிருந்தார்: பார்க்கின்சன் (கை நடுங்கி, உடம்பு விறைக்கும் மூளை நோய்) உள்ள அம்மைக்கு ராத்திரி படுத்தால் தூரத்தில் வில்லுப்பாட்டு கேட்கிறதாம். “மக்களே, எந்தக் கோயில்ல கொடை?” என்று கேட்கிறாராம். எந்தக் கோயிலிலும் கொடை (திருவிழா) இல்லை. மார்த்தாண்டம் பக்கம் ஒருவர் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். திடீரென்று டிரெயின் நெருங்கி வருகிற சத்தம் கேட்டு அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை கெடும் நோய்) உள்ள ஓர் ஆசிரியைக்கு இடது காதில் ஓயாமல் ‘கீ’ என்று ஒரு ஒலி. மூன்று பேருக்கும் தெரிய வேண்டியது, முதலில் யாரிடம் போவது என்பதுதான்.

நான் மருத்துவர் இல்லை. வீட்டில் பார்க்கின்சன் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஆள். அதனால் எந்த வழி எங்கே கொண்டுபோய் விடும், எதில் சொல்லாத செலவு இருக்கிறது என்கிற கணக்கில்தான் எழுதுகிறேன். மாத்திரை அளவைப் பற்றிய முடிவு உங்கள் மருத்துவருடையது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் வேலை, சத்தம் வெளியே உண்மையாகவே இல்லையா என்று பார்ப்பது. வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நம் குமரி மாவட்டத்தில் கோயில் கொடை, சர்ச் திருவிழா, பள்ளிவாசல் விழா என்று எங்காவது ஒரு குழாய் ஒலிபெருக்கி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ராத்திரியில் காற்று திரும்பினால் நாலு ஊர் தள்ளியிருந்தும் கேட்கும். வீட்டில் இரண்டு பேரைக் கேளுங்கள். சத்தம் வருகிற நேரத்தில் செல்போனில் பதிவு செய்து மறுநாள் நோயாளிக்கே போட்டுக் காட்டுங்கள். “இதுல பாட்டு இல்லியே” என்று அவரே சொன்னால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

அடுத்தது, என்ன மாதிரி சத்தம். ‘கீ’, ‘உஸ்’, வண்டு ரீங்காரம் எல்லாம் டின்னிட்டஸ் (காது இரைச்சல்) வகை. பெரியவர்களில் பத்துக்கு ஒருவருக்காவது இது உண்டு, பெரும்பாலும் காதிலோ கேட்கும் நரம்பிலோ இருந்து வருவது. நாடித் துடிப்போடு சேர்ந்து ‘தப் தப்’ என்று கேட்டால் ரத்தக் குழாயைப் பார்க்க வேண்டும். பாட்டும் மேளமும் கேட்பது, கேள்வி (காது கேட்கும் திறன்) குறைந்த முதியவர்களிடம், அதிலும் பெண்களிடம் அதிகம். எப்போதும் ஒரே மாதிரி தொடங்கி, சில விநாடியிலோ ஒன்றிரண்டு நிமிடத்திலோ நின்றுபோகும் சத்தம் வலிப்பின் முகமாக இருக்கலாம். மூளையின் பொட்டுப் பகுதியில் (காதை ஒட்டிய பக்கம்) தொடங்கும் வலிப்பு அப்படி வருவதுண்டு. ஆள் பேசுகிற குரல் கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மாத்திரையையும் மூளையையும். தூக்கம் கண்ணைச் சொருகும்போதோ விழிக்கும்போதோ மட்டும் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் கேட்டால், அது நோய் இல்லாதவர்களுக்கும் வருவதுதான்.

மூன்றாவது, எப்போது தொடங்கியது, அதற்கு முந்தைய சில வாரங்களில் என்ன மாறியது. புது மாத்திரையா, அளவு கூடியதா, காய்ச்சலா, மூத்திரக் கடுப்பா, தண்ணீர் குடிப்பது குறைந்ததா? என்னைப் பொறுத்தவரை எல்லாக் கேள்விகளிலும் கனமானது இதுதான்.

நான்காவது, இது உண்மை இல்லை என்று நோயாளிக்குத் தெரிகிறதா. “எனக்குத்தான் இப்படிக் கேக்கு” என்று சொல்கிறவர் வேறு, “பக்கத்து வீட்டுக்காரன் என்னைப் பற்றித்தான் பாடுறான்” என்று சண்டைக்குக் கிளம்புகிறவர் வேறு.

கடைசியாக, கூட யார் போவது. கை கால் விறைத்த ஒருவரை நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் பஸ் ஏற்றி இறக்கியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கணக்கு என்று தெரியும்.

இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம், உடனே போங்கள் என்கிற நிலைமைகளும் உண்டு. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றோ மறுநாளோ காது மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது, தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். வாய் கோணல், பேச்சுக் குழறல், நினைவு தப்புதல், காய்ச்சலோடு திடீர்க் குழப்பம் என்றால் 108. செத்துப்போ, அடி என்று குரல் கட்டளையிட்டாலும் அப்படித்தான்.

## வழி 1: முதலில் காது

கைச்செலவு குறைவு, ஆபத்தும் குறைவு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம் தனியார் கிளினிக்குகளிலும் கேட்கும் திறன் சோதனை செய்கிறார்கள். பல நேரம் பிரச்சினை குறும்பி அடைப்பாகவே இருக்கும். அதை எடுத்ததும் சத்தம் போய்விடுகிற அதிர்ஷ்டசாலிகள் உண்டு. போவதற்கு முன் வீட்டில் பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைக் காதில் ஊற்ற வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வினையாகும்.

பாட்டுக் கேட்கிறவர்களுக்கு இந்த வழிதான் முதலில் என்பேன். காதிலிருந்து வரும் ஒலி குறைந்துபோனால் மூளை சும்மா இருப்பதில்லை. புதுச் சரக்கு வராத கடைக்காரர் பழைய சரக்கைத் தட்டி முன்னால் அடுக்குவதுபோல, நினைவில் கிடக்கும் பாட்டுகளை எடுத்துப் போடும். அதனால்தான் சிறுவயதில் கேட்ட வில்லுப்பாட்டு, கீர்த்தனை, பைத்து என்று பழையதாகவே கேட்கிறது. காது கேட்கும் கருவி வைத்ததும் பலருக்கு இது அடங்குகிறது, சிலருக்கு முழுக்க நிற்கிறது.

சோதனையில் ஒரு சிக்கல். பீப் ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். பார்க்கின்சன் கை மெதுவாகத்தான் போகும், அழுத்துவதற்குள் அடுத்த ஒலி வந்துவிடும். தாளில் கேள்விக் குறைபாடு இருப்பதைவிட மோசமாகப் பதிவாகலாம். உள்ளே போகும்போதே நோயைச் சொல்லி, பொத்தானுக்குப் பதில் ‘ம்’ என்று சொல்லட்டுமா என்று கேளுங்கள். சம்மதிப்பார்கள்.

மறைவான செலவு இரண்டு. கருவி சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்துக்கு மேலும் போகும், அதைவிடத் தலைவலி பேட்டரி. காதுக்குள் ஒளிந்துகொள்ளும் சின்னக் கருவியின் பேட்டரி பொட்டு அளவுதான். நடுங்கும் விரலால் அதை மாற்ற முடியாது. தரையில் விழுந்தால் தேடி எடுக்கவும் ஆள் வேண்டும். காதுக்குப் பின்னால் மாட்டுவது, முடிந்தால் சார்ஜ் போடுவது, இரண்டும் இவர்களுக்கு நல்லது. அழகைப் பார்க்க வேண்டாம். முட்டம், குளச்சல் போலக் கடலோரத்தில் இருந்தால் உப்புக் காற்றும் வியர்வையும் கருவியைத் தின்னும். ராத்திரி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். கேள்விக் குறைபாட்டுச் சான்று இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் கருவி இலவசமாகக் கிடைக்கும். கடையில் காசு கட்டுவதற்கு முன் அங்கே விசாரியுங்கள்.

இரண்டாவது செலவைத்தான் யாரும் சொல்வதில்லை. காதில் சத்தம் என்று போகிறவருக்குத் தலைசுற்று மாத்திரையும் சேர்ந்து வருவது வழக்கம். அதில் சின்னரிசின், புரோகுளோர்பெரசின் இரண்டும் மூளையில் டோபமினை (உடல் அசைவுக்கு வேண்டிய வேதிப்பொருள்) தடுக்கும். பார்க்கின்சன் உள்ளவருக்கு நடை விழுந்துவிடும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் அந்த வகைதான். சீட்டை மருந்துக்கடைக்குக் கொண்டுபோகும் முன், “இவருக்குப் பார்க்கின்சன், இது ஒத்துக்கொள்ளுமா?” என்று ஒரு கேள்வி போதும்.

ஆசிரியைக்கும் இந்த வழிதான். ஆனால் கேள்வி குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் அந்தத் தாளோடு நரம்பு மருத்துவரிடமும் போக வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் புதிதாக ஒரு காது மங்குவது நோய் மறுபடி தாக்குவதாகவும் இருக்கலாம்.

## வழி 2: மாத்திரை எழுதியவரிடமே திரும்பப் போவது

மாத்திரை மாறிய சில வாரங்களுக்குள் சத்தம் தொடங்கியிருந்தால் வேறு எங்கும் அலைய வேண்டாம். இதுதான் முதல் கதவு.

1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை முதலில் விவரித்தபோது, புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றே எழுதினார். இன்றைக்கும் குடும்பங்கள் அப்படித்தான் நினைக்கின்றன: இது கை நடுக்க வியாதி, காதுக்கும் இதற்கும் என்ன? சம்பந்தம் உண்டு. நோய் முற்றும்போதும், மாத்திரைகள் கூடும்போதும் இல்லாதது தெரியவும் கேட்கவும் செய்யும். தெரிவதுதான் அதிகம், கேட்பது குறைவு, பல நேரம் இரண்டும் சேர்ந்தே வரும். அதனால் பாட்டுக் கேட்கிறது என்று சொல்லும் பெரியவரிடம், யாராவது நிற்பதுபோல் தெரிகிறதா என்றும் மெதுவாகக் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள். பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பல மாதம் மறைத்தவர்கள் இருக்கிறார்கள்.

நரம்பு மருத்துவர் பொதுவாக ஒரு வரிசையில் மாத்திரையைக் குறைத்துப் பார்ப்பார். டிரைஹெக்சிஃபெனிடில், அதாவது எல்லாரும் ‘பேசிட்டேன்’ (Pacitane) என்று கம்பெனிப் பெயரில் சொல்கிறது, முதலில் போகும். அப்புறம் அமன்டடின், செலிஜிலின், ரசாஜிலின், அதற்கடுத்துப் பிரமிபெக்சோல், ரோபினிரோல். சின்டோபா போன்ற லெவோடோபா கடைசி வரை நிற்கும். நடமாட்டமே அதில்தான் இருக்கிறது. இந்த வரிசையை இங்கே சொன்னது வீட்டில் செய்து பார்க்க அல்ல. பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, நினைவு தப்பி உயிருக்கே ஆபத்தாகலாம். தசை இறுக்கத்துக்குச் சாப்பிடும் பாக்லோஃபென்னையும் சட்டென்று விட்டால், மாயத்தோற்றம் புதிதாக வரலாம். வலிப்பு மாத்திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நரம்புக்கு என்று எழுதாத மாத்திரைகளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். மூத்திரம் அடக்க ஆக்சிபியூட்டினின், தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின், மூட்டு வலிக்கு டிராமடால், சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய குளோர்ஃபெனிரமின்: இவை எல்லாமே வயதானவர்களின் மூளையைக் குழப்பக்கூடியவை. மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோவதுதான் சிறந்த பட்டியல். வெற்று அட்டைகளும் இருக்கட்டும். சித்த, ஆயுர்வேத லேகியம் இருந்தால் அதுவும்.

வலிப்பு உள்ளவருக்கு இந்த வழியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அரை நிமிட டிரெயின் சத்தம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தால் அதுவே ஒரு சிறு வலிப்பாக இருக்கலாம். அப்படியானால் தேவை இஇஜி (மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை), மாத்திரை அளவைப் பற்றிய மறுயோசனை. காது சோதனை காத்திருக்கலாம். வலிப்பு மாத்திரைகளில் லெவெடிரசெட்டம் சிலருக்கு மனநிலையைக் கெடுத்து மாயக்குரல் வரை கொண்டுபோகும் என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொரு வலிப்பு மாத்திரையான கார்பமசெபின் சாப்பிடும் சிலருக்குப் பாட்டெல்லாம் அரைச் சுருதி இறங்கிக் கேட்கும். அது மாயச் சத்தம் இல்லை, மருந்தின் வேலை. கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பவருக்கோ சர்ச் பாடகர் குழுவில் இருப்பவருக்கோ அது பெரிய தொந்தரவு.

மறைவான செலவு: மாத்திரையைக் குறைத்தால் பாட்டு நிற்கும், நடையும் கொஞ்சம் நிற்கும். காலையில் பாத்ரூம் வரை தானாகப் போனவருக்கு இனி கை பிடிக்க ஆள் வேண்டும். விழுந்தால் இடுப்பு எலும்பு. குறைத்த பிறகு இரண்டு வாரமாவது யாராவது கூடவே இருக்க முடியுமா என்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். தேதி தள்ளி வைக்கச் சொன்னால் அவர் கோபிக்கப் போவதில்லை.

இன்னொன்று. மூத்திரத் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, இந்த நாலும் வயதானவர்களுக்குத் திடீர்க் குழப்பத்தையும் குரல்களையும் கொண்டுவரும். ரத்தமும் மூத்திரமும் சோதிக்கச் சில நூறு ரூபாய்தான். சில நேரம் விஷயம் அதோடு முடிந்துவிடும்.

## வழி 3: மனநல மருத்துவர்

தெருவில் பேசுவார்கள் என்கிற பயத்தில் இந்தக் கதவைத்தான் எல்லாரும் கடைசிக்கு வைக்கிறார்கள். நோயாளி குரலை நம்பத் தொடங்கிவிட்டால், தூக்கம் போய்விட்டால், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினால், கடைசிக்கு வைக்கக் கூடாது. நேரில் போக மனம் வராவிட்டால் 14416-க்குப் போன் செய்யலாம். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள். நேரில் என்றால் ஆசாரிப்பள்ளத்தில் காதுப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகம். ஒரு நடையில் இரண்டு வேலை.

மருந்துதான் இங்கே நுணுக்கம். ஹாலோபெரிடால் பார்க்கின்சன் உள்ளவருக்கு ஆகாது. ரிஸ்பெரிடோனும் ஒலன்சபினும் நடையைக் கெடுக்கும். வழக்கமாகச் சிறிய அளவில் குவெட்டியபின் இரவில் கொடுப்பார்கள். அதன் பலன் ஆளுக்கு ஆள் மாறும், மயக்கமும் எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்குவதும் உண்டு. ஆதாரம் வலுவாக இருப்பது குளோசபினுக்கு. ஆனால் அது வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் தொடக்கத்தில் வாராவாரம் ரத்தம் சோதிக்க வேண்டும், மலையோர ஊர்க்காரர்களுக்கு அது வாராவாரம் ஒரு நாள் கூலி. மறதி நோயும் சேர்ந்திருந்தால் ரிவாஸ்டிக்மின் யோசிப்பார்கள். மறதி உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மனநல மருந்துகள் உயிராபத்தைக் கூட்டும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. அதனால், எத்தனை நாளுக்கு என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

நரம்பு மருத்துவருக்குத் தெரியாமல் இந்த வழியில் போகாதீர்கள். ஒருவர் டோபமினைக் கூட்ட, இன்னொருவர் அதையே தடுக்க, நடுவில் கிடப்பது நோயாளி.

## வழி 4: பழகிக்கொள்வது

இதையும் ஒரு வழியாகத்தான் எண்ணுகிறேன். காதும் சரிபார்த்தாகிவிட்டது, மாத்திரையும் பார்த்தாகிவிட்டது, சத்தம் தொந்தரவில்லாத பாட்டு, அது உண்மையில்லை என்று அவருக்கே தெரியும் என்றால் மேற்கொண்டு ஒரு மருந்தைச் சேர்ப்பதற்கு நான் ஆதரவு இல்லை. ஒருவர் தனக்குக் கேட்கும் பஜனையை ரசித்துக்கொண்டு சாயா குடித்தால் குடிக்கட்டுமே.

நிசப்தம்தான் இந்தச் சத்தங்களுக்குத் தீனி. ஃபேன், மெல்லிய ரேடியோ, கேட்கும் பாட்டுக்குப் பதில் வேறு பாட்டு, ராத்திரி ஒரு சிறு விளக்கு எல்லாம் உதவும். டின்னிட்டஸைப் போக்குவதாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. அதை எதிர்கொள்ளும் மனப்பயிற்சிக்குத்தான் நல்ல பலன். இதன் விலையை வீட்டிலிருப்பவர்கள்தான் கொடுக்கிறார்கள். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டால் எரிச்சல் வரும். “ஒண்ணும் இல்ல, சும்மா கிட” என்று அதட்டினாலும் சரி, “ஆமா எனக்கும் கேக்கு” என்று ஒத்து ஊதினாலும் சரி, இரண்டும் பயன் இல்லை. “எனக்குக் கேக்கல்ல, ஒனக்குக் கேக்கும்போல, காலையில டாக்டர்ட்ட சொல்லலாம்” என்பது போதும்.

நேர்ச்சை, ஓதிப் பார்ப்பது, ஜெபம் எல்லாம் இதன் கூடவே போகலாம். மனசுக்குத் தெம்பு வந்தால் நல்லதுதான். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடமாக மட்டும் இருக்கக் கூடாது.

## ஒரு பார்வையில்

| வழி | எப்போது முதலில் | கைச்செலவு | மறைவான செலவு |
|---|---|---|---|
| காது | ‘கீ’ ஒலி, பாட்டு, மேளம். கேள்வி குறைவு | குறைவு. கருவி வாங்கினால் அதிகம் | பேட்டரி, உப்புக் காற்று, ஆகாத தலைசுற்று மாத்திரை |
| நரம்பு | மாத்திரை மாறிய பின் தொடக்கம். ஒரே மாதிரி சிறு நேரச் சத்தம். காட்சியும் சேர்ந்தால் | நடுத்தரம் | நடை குறைதல், கூட ஆள், தூரம் |
| மனநலம் | குரலை நம்புதல், பயம், தூக்கமின்மை | குறைவு முதல் நடுத்தரம் | மயக்கம், விழுதல், ரத்தப் பரிசோதனை |
| பழகுதல் | எல்லாம் பார்த்த பின், தொந்தரவில்லாத சத்தம் | இல்லை | வீட்டாரின் தூக்கம் |

## ஆசாரிப்பள்ளமா, திருவனந்தபுரமா

வலிப்பும் பார்க்கின்சனும் என்றால் நம் ஊரில் உடனே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா என்பார்கள். காரணம் இருக்கிறது: 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற மருத்துவ நிறுவனம், வலிப்புக்கும் இயக்கக் கோளாறுகளுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. மாத்திரை மாற்றியும் அடங்காத சத்தம், அறுவை வரை யோசிக்க வேண்டிய வலிப்பு என்றால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் முதல் காது சோதனைக்கோ மூத்திரப் பரிசோதனைக்கோ நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர் போவது வீண். களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் உட்கார்ந்தே நோயாளி களைத்துவிடுவார். டிரெயினில் போனால் தம்பானூரில் இறங்கி, ஸ்ரீ சித்திரா இருக்கிற மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். உள்ளூரில் செய்த சோதனைத் தாள்களோடும் ஒரு பரிந்துரைக் கடிதத்தோடும், புதுச் சீட்டுக்கு முன்பதிவு எப்படி என்று விசாரித்துவிட்டுக் கிளம்பினால் ஒரு நடை மிச்சம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பிற நாள்பட்ட நரம்பு நோய்கள் எல்லாம் உண்டு. சான்றுக்கு விண்ணப்பிக்காதவர்கள் ஆசாரிப்பள்ளம் போகிற அதே நாளில் அதையும் விசாரித்துவிடுங்கள்.

பயண நாளில் லெவோடோபா வேளையைத் தவற விடாதீர்கள். அடுத்த வேளை மாத்திரையும் தண்ணீரும் கைப்பையில் மேலாக இருக்கட்டும். ஓபி வரிசை எவ்வளவு நீளும் என்று சொல்ல முடியாது, மாத்திரை வேலை செய்யாத நேரத்தில் உள்ளே கூப்பிட்டால் என்ன சத்தம் கேட்கிறது என்று சொல்லக்கூட அவருக்குக் குரல் எழும்பாது.